டிபிஎம் விறைப்பு கூடினால் ஃபெட்டீக் ஆயுள் கூடுமா, குறையுமா? கணக்கும் பீம் டெஸ்ட்டும் எதிரெதிராக நிற்கின்றன

பாலக்கோடு_க்யூசி கேட்டது:

வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலை. மேலே பிசி (மேற்பரப்புத் தார்க் கலவை) 40 மி.மீ., கீழே டிபிஎம் (அதைத் தாங்கும் தார்க் கலவை) 80 மி.மீ., அதற்கடியில் டபிள்யூஎம்எம், ஜிஎஸ்பி என்ற தார் இல்லாத ஜல்லி அடுக்குகள். முதலில் போட்ட டிசைனில் விஜி-30 தார் (விஜி எண் கூடினால் தார் கெட்டி). 35 டிகிரியில் விறைப்பு, அதாவது எம்ஆர், 2000 மெகாபாஸ்கல். ஐஐடிபேவ் (சாலை அடுக்குகளின் திரிபைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டியதில் டிபிஎம் அடியில் இழுவைத் திரிபு 200 மைக்ரோ (பத்து லட்சத்தில் 200 பங்கு நீட்சி) வந்தது. இப்போது விஜி-40க்கு மாறலாம் என்று பேச்சு. எம்ஆர் 3000 என்று வைத்தால் திரிபு 170 மைக்ரோவாக இறங்குகிறது. "விறைப்பு ஏறிடுச்சு, ஆயுளும் ஏறிடும், டிபிஎம்மில் 10 மி.மீ. குறைச்சுக்கலாம்" என்பது ஆலோசகர் வாதம்.

எனக்கு இடிப்பது இரண்டு இடம். ஐஆர்சி:37-2018 (இந்திய சாலை டிசைன் வழிகாட்டி) தரும் ஃபெட்டீக், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி விரிசல் விடும் ஆயுளுக்கான சமன்பாட்டில் எம்ஆர் கீழே, வகுக்கும் பக்கத்தில் இருக்கிறது. விறைப்பு ஏறினால் ஆயுள் குறையத்தானே வேண்டும்? அடுத்தது, இரண்டு கலவையிலும் பீம் வெட்டி நாலு-புள்ளி வளைவு டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். 20 டிகிரி, 10 ஹெர்ட்ஸ், 400 மைக்ரோ திரிபு. விஜி-30 பீம்களின் ஆரம்ப விறைப்பு சுமார் 5000, ஆயுள் 1,80,000 சுற்று. விஜி-40க்கு விறைப்பு 8000, ஆயுள் 90,000 சுற்று. சரிபாதி!

போதாததற்கு எம்ஆர் டெஸ்ட்டிலும் குழப்பம். ஒரே பேட்ச் விஜி-40 கலவை. ஒரு மாதிரி 2900 காட்டுகிறது, இன்னொன்று 3850. எதை எடுப்பது? கடைசியாக ஒன்று: ஒவ்வொரு முறையும் பீம் அனுப்பச் செலவு தாங்காது. எம்ஆர் எண்ணை மட்டும் வைத்து ஆயுளைக் கணிக்க வழி உண்டா?

---

தொப்பூர்மேடு பதில்:

ஒரே விறைப்பு இந்தக் கணக்குக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைகிறது. அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

90 சதவீத நம்பகத்துக்கான சமன்பாட்டை வாயால் சொன்னால் இப்படி வரும்: 0.5161 × சி × பத்தின் மைனஸ் 4 அடுக்கு (சி என்பது கலவையின் காற்றுவெளியையும் தார் அளவையும் பொறுத்த எண்). அதை 1/திரிபு என்பதன் 3.89 அடுக்கால் பெருக்கு. பிறகு 1/எம்ஆர் என்பதன் 0.854 அடுக்கால் பெருக்கு. எம்ஆர் நேராக நுழைவது அந்த 0.854இல். மறைமுகமாக நுழைவது திரிபு வழியாக. திரிபு என்பது ஐஐடிபேவ் தரும் எண். தார் அடுக்கு விறைத்தால் அதன் அடியில் திரிபு குறையும். அந்தக் குறைவு 3.89 அடுக்காகப் பெருகி வரும்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். சி-க்காக காற்றுவெளி 4.5, செயல்படும் தாரின் கன அளவு 11.5 சதவீதம் என்று வைத்தேன்; சி = 1.378.

2000 எம்ஆர், 200 மைக்ரோ: 26.4 எம்எஸ்ஏ (பத்து லட்சம் தர அச்சுச் சுமைகள்).
3000 எம்ஆர், திரிபு மாறாமல் 200 மைக்ரோ: 18.7 எம்எஸ்ஏ.
3000 எம்ஆர், 170 மைக்ரோ: 35.2 எம்எஸ்ஏ.

நடு வரியில்தான் உங்கள் சந்தேகத்துக்குப் பதில் இருக்கிறது. திரிபு அசையாமல் விறைப்பு மட்டும் ஏறினால் ஆயுளில் 29 சதவீதம் போய்விடும். திரிபும் சேர்ந்து இறங்கியதால்தான் 35 வந்தது. ஆக உங்கள் சந்தேகமும் சரி, ஆலோசகர் சொன்ன முதல் பாதியும் சரி.

இரண்டாம் பாதி சரியில்லை. 3000 எம்ஆரில் பழைய 26.4ஐ எட்டத் திரிபு 183 மைக்ரோவுக்குள் இருந்தாக வேண்டும். டிபிஎம்மில் 10 மி.மீ. எடுத்துவிட்டு ஐஐடிபேவ் மறுபடி ஓட்டுங்கள். 185 வந்தால் ஆயுள் 25.3. விலை கூடின தாரைப் போட்டு, தடிமனையும் குறைத்து, கடைசியில் விஜி-30 டிசைனை விடக் கீழே வந்து நிற்பீர்கள். 170க்கும் 183க்கும் இடையே இருப்பது 13 மைக்ரோ. அவ்வளவுதான் உங்களிடம் உள்ள இடம்.

தோராயமாகக் கணிக்க ஒரு வழி. திரிபு, எம்ஆரின் மைனஸ் 'க' அடுக்குப்படி மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.854ஐ 3.89ஆல் வகுத்தால் 0.22. 'க' 0.22க்கு மேல் இருந்தால் விறைப்பு லாபம், கீழே இருந்தால் நஷ்டம். உங்களுக்கு 200லிருந்து 170 ஆனதால் 'க' 0.40. 120 மி.மீ. தார் இருப்பதால் இது கிடைக்கிறது. டபிள்யூஎம்எம் மேல் வெறும் 30, 40 மி.மீ. பிசி போடும் ஊர்ச்சாலையில் இதே வேலையைச் செய்தால் கதை வேறு. மெல்லிய அடுக்கில் வளைவைத் தீர்மானிப்பது அடியில் உள்ள ஜல்லியும் மண்ணும். தாரை எவ்வளவு விறைக்க வைத்தாலும் திரிபு இறங்காது. சில தடிமனில் ஏறவும் செய்யும். அங்கே விஜி-40 போடுவது விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி.

---

மார்ஷல் சுத்தி பதில்:

பீம் விஷயத்துக்கு நான் வர்றேனுங்க.

400 மைக்ரோன்னு போட்டதும் மெஷின் என்ன பண்ணுது? 357 மி.மீ. ஸ்பேன், 50 மி.மீ. உயரம்னா நடுவுல 0.217 மி.மீ. அசைக்குது. ரெண்டு நகம் தடிமன் கூட இல்லை. ஆனா எந்த பீமா இருந்தாலும் அதே 0.217 தான். 5000 விறைப்பு பீம் அந்த அசைவுக்கு 2 மெகாபாஸ்கல் தகைவு தாங்கினாப் போதும். 8000 பீம் 3.2 தாங்கணும். ஒரே தூரம் வளைக்கச் சொன்னா தடி ஆளு சீக்கிரம் முறிவான், ஒல்லி ஆளு வளைஞ்சு குடுப்பான். இது திரிபைக் கட்டுப்படுத்தற டெஸ்ட். தகைவைக் கட்டுப்படுத்திச் செஞ்சா விடை தலைகீழா வரும், விறைப்பான கலவை தான் ஜெயிக்கும். ரோட்டுல மெல்லிய அடுக்கு திரிபுக் கட்டுப்பாட்டுப் பக்கம், தடியான அடுக்கு தகைவுக் கட்டுப்பாட்டுப் பக்கம் சாயும். 120 மி.மீ. ரெண்டுக்கும் நடுவுல.

அதனால 400ல ரெண்டையும் ஓட்டி "பாதி"ன்னு முடிவு கட்டறது நியாயமான ஒப்பீடு இல்லைங்க. ரோட்டுல விஜி-40 அடுக்கு 15 சதவீதம் குறைஞ்ச திரிபைத்தான் பார்க்கப் போகுது. ஒவ்வொரு கலவைக்கும் மூணு திரிபு அளவுல ஓட்டணும். லாக்-லாக் தாள்ல திரிபையும் சுற்றையும் குறிச்சுக் கோடு இழுக்கணும். அப்புறம் அந்தந்தக் கலவைக்கு அதனதன் திரிபுல ஆயுள் படிக்கணும்.

கோட்டோட சரிவு 4ன்னு வெச்சுப் பார்ப்போம். 15 சதவீதம் திரிபு குறைஞ்சா ஆயுள் 1.92 மடங்கு. உங்க பாதியோட பெருக்குனா 0.96. தொப்பூர்மேடு அண்ணன் ஐஆர்சி கணக்குல 1.33 மடங்கு லாபம்னு காட்டினார். உங்க பீம் "லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை"ங்குது. தடிமனைக் குறைக்கறதுக்கு இதுக்கு மேல என்ன எச்சரிக்கை வேணும்?

ரிப்போர்ட்டை நம்பறதுக்கு முன்னாடி லேப்ல இதையெல்லாம் கேட்டுக்கோங்க.

பீமோட காற்றுவெளி ஒவ்வொண்ணுக்கும் தனியா அளந்தாங்களா? ஸ்லாப் ஓரத்துல வெட்டின பீமும் நடுவுல வெட்டின பீமும் ஒண்ணு கிடையாது. ஓரத்துல ரோலர் சரியா அமுக்காது. நாலு பக்கமும் ரம்பத்தால வெட்டியிருக்கணும், அச்சுல பட்ட முகம் ஒண்ணு கூட மிச்சம் இருக்கக் கூடாது. அந்த முகத்துல தார் வழிஞ்சு நிக்கும், ஆயுளைப் பொய்யாக் காட்டும்.

ஆரம்ப விறைப்பை 50ஆவது சுற்றுல எடுத்தாங்களா, 100லயா? அமெரிக்க முறை 50, ஐரோப்பிய முறை 100. முதல் சில நூறு சுற்றுல விறைப்பு சரசரன்னு எறங்கும். அதுல கொஞ்சம் கிளாம்ப் உக்கார்றது, கொஞ்சம் உள்ளே சூடு ஏர்றது. நெஜமான சேதம் அப்புறம்தான் தொடங்கும். ஆரம்ப எண் ஆடினா "50 சதவீதம் எறங்கின சுற்று"ங்கற முடிவும் ஆடும். அதனால வெறும் 50 சதவீதத்தை மட்டும் பார்க்காம, விறைப்பையும் சுற்றையும் பெருக்கி ஒரு கோடு வரையச் சொல்லுங்க. அந்தக் கோடு ஏறி உச்சி தொட்டுத் திரும்பற இடம்தான் பீம் ஒடிஞ்ச இடம். பாலிமர் கலந்த தார்னா இது கட்டாயம். அந்த பீமுங்க 50 சதவீதம் தாண்டியும் விரிசல் விடாம ரொம்ப நேரம் ஓடும்.

ரெண்டு மணி நேரமாவது 20 டிகிரில வெச்சிருந்தாங்களான்னும் கேளுங்க. 90,000 சுற்று 10 ஹெர்ட்ஸ்ல ரெண்டரை மணி நேரம் தான். பீம் உள்ளே குளிர்றதுக்குள்ள டெஸ்ட்டே முடிஞ்சு போயிருக்கும்.

---

அரூர்_அளவுகோல் பதில்:

எம்ஆர் 2900ஆ 3850ஆ என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் முதலில் தீர்க்க வேண்டியது அதுதான்.

பக்கவாட்டு இழுவை முறையில் எம்ஆர் = விசை × (பாய்சான் விகிதம் + 0.27) ÷ (தடிமன் × கிடைமட்ட அசைவு). பாய்சான் விகிதம் 0.35 என்றால் அடைப்புக்குள் 0.62. 100 மி.மீ. விட்டம், 63 மி.மீ. தடிமன், விசை 1500 நியூட்டன் என்று வையுங்கள். எம்ஆர் 3000 வர கிடைமட்ட அசைவு 0.0049 மி.மீ. இருக்க வேண்டும். ஐந்து மைக்ரான்! எல்விடிடி (நுண்ணிய அசைவை அளக்கும் உணரி) ஒரு மைக்ரான் குறைத்துக் காட்டினால் 3000 என்பது 3765 ஆகிவிடும். கூட்டிக் காட்டினால் 2493. இரண்டு மாதிரிக்கு இடையே உங்களுக்கு வந்த வித்தியாசம் வெறும் ஒன்றேகால் மைக்ரானில் அடங்கிவிடும். எல்விடிடி பிடிமானத் திருகு தளர்வு, விசைப்பட்டை நேராக அமராதது, பக்கத்தில் ஓடும் கம்ப்ரசர் என எதுவும் காரணமாகலாம்.

ஒவ்வொரு மாதிரியையும் ஒரு விட்டத்தில் சோதித்துவிட்டு 90 டிகிரி திருப்பி மறுபடி சோதியுங்கள். இரண்டும் நெருங்கி வராவிட்டால் மாதிரியை அல்லது பொருத்தியதைச் சந்தேகப்படுங்கள். விசை அந்த மாதிரியின் மறைமுக இழுவலிமையில் 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கூடினால் மாதிரி மெல்லச் சேதமாகும். குறைந்தால் அசைவு இரைச்சலில் மூழ்கிவிடும். 0.1 விநாடி விசை, 0.9 விநாடி ஓய்வு.

இதையெல்லாம் விடப் பெரிய திருடன் வெப்பநிலை. ஐஆர்சி அட்டவணையில் விஜி-40 கலவைக்கு 30 டிகிரியில் 4000, 35 டிகிரியில் 3000. ஒரு டிகிரிக்கு 200 மெகாபாஸ்கல். விஜி-30க்கு 2500, 2000. டிகிரிக்கு 100 தான். உங்கள் 3850 அந்த அட்டவணைப்படி 31 டிகிரியில் வர வேண்டிய எண். பெட்டியின் முகப்பில் 35 என்று ஒளிரும். ஆனால் கதவைத் திறந்து மாதிரியைப் பொருத்தி எல்விடிடி சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனால் கருங்கல் கலவை கிருஷ்ணகிரி டிசம்பர் காலையில் எத்தனை டிகிரி இழக்கும்? பழைய மார்ஷல் மாதிரி ஒன்றில் நடுவில் துளை போட்டு வெப்ப உணரி செருகிப் பக்கத்தில் வையுங்கள். அது 35 காட்டினால்தான் டெஸ்ட்டைத் தொடங்குங்கள்.

டிசைனுக்கு 3000க்கு மேல் போட வேண்டாம். லேபில் 3000க்குக் கீழே நம்பிக்கையாக வந்தால் அந்தக் குறைந்த எண்ணைப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எம்ஆர் 3000 என்பது 35 டிகிரி, 0.1 விநாடித் துடிப்பு, பக்கவாட்டு இழுவை. பீமின் 8000 என்பது 20 டிகிரி, 10 ஹெர்ட்ஸ் சைன் அலை, வளைவு. பெயர் இரண்டுக்கும் விறைப்புதான், ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது. 8000ஐ ஐஆர்சி சமன்பாட்டில் போட்ட கணக்குத் தாள்களும் சுற்றில் உள்ளன.

---

பாலக்கோடு_க்யூசி:

மூவருக்கும் நன்றி. சென்சார் செருகின மாதிரி இங்கே இல்லை, செய்துவிடுகிறேன். ஆனால் என் கடைசிக் கேள்வி நிற்கிறது சார். விறைப்பை மட்டும் வைத்துக் கணிக்க முடியுமா? ஷெல் சமன்பாடு, அஸ்பால்ட் இன்ஸ்டிடியூட் சமன்பாடு என்று நிறைய இருக்கிறதே. தவிர, பீமில் 90,000 சுற்றில் போனது, ஐஆர்சி கணக்கில் கோடிக்கணக்கில் வருகிறதே, அது எப்படி?

---

தொப்பூர்மேடு பதில்:

பிந்தையது சுலபம். ஐஆர்சியின் எண், ரோட்டின் பரப்பில் 20 சதவீதம் முதலைத்தோல் விரிசல் வரும்வரை போகும் அச்சுகளின் எண்ணிக்கை. நம் நாட்டுச் சாலைகளின் நடத்தையோடு ஒப்பிட்டுச் சரிசெய்த சமன்பாடு அது. பீமின் எண், ஓய்வே இல்லாமல் விநாடிக்குப் பத்து முறை வளைத்து விறைப்பு பாதியாகும் சுற்று. ரோட்டில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையே தார் கொஞ்சம் ஆறிக்கொள்கிறது. விரிசல் அடியில் தொடங்கி மேலே வரவும் காலம் பிடிக்கிறது. திரிபும் 400 இல்லை, 200க்குக் கீழ். பீம் எண்ணை ஒப்பிட மட்டும் வையுங்கள், எம்எஸ்ஏவாக மாற்ற முயலாதீர்கள்.

முந்தைய கேள்விக்கு வருகிறேன். முடியும், ஆனால் எந்தச் சமன்பாடு என்பதைப் பொறுத்து விடை எவ்வளவு விலகும் என்று உங்கள் எண்களிலேயே பாருங்கள். 5000, 8000 விறைப்பு, திரிபு ஒன்றே.

ஐஆர்சியின் 0.854 அடுக்கு அஸ்பால்ட் இன்ஸ்டிடியூட்டின் சமன்பாட்டில் உள்ள அதே அடுக்கு. அதன்படி விறைப்பான கலவையின் ஆயுள் மற்றதில் 67 சதவீதம். 1978 ஷெல் முறையில் திரிபுக்கு 5 அடுக்கு, விறைப்புக்கு 1.8 அடுக்கு. அதன்படி 43 சதவீதம். உங்கள் பீம் 50 என்கிறது. எல்லாமே "குறையும்" என்கின்றன, அதில் சண்டை இல்லை. எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஷெல் அடுக்குகளை உங்கள் ரோட்டுக்கு, அதாவது 2000லிருந்து 3000, 200லிருந்து 170க்குப் போட்டால் லாபம் 9 சதவீதம் மட்டுமே. ஐஆர்சி 33 என்றது, ஷெல் 9, பீம் மைனஸ் 4. இந்த அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு தடிமனைப் பற்றிப் பேசுங்கள்.

விலகல் ஏன்? விறைப்பு என்ற ஒற்றை எண்ணில் இரண்டு குணம் கலந்திருக்கிறது. கலவை வளைந்து திரும்பும்போது ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, ஒரு பங்கை உள்ளேயே விழுங்குகிறது. விழுங்கும் பங்கில்தான் சேதம். பீம் மெஷின் விசைக்கும் அசைவுக்கும் இடையே உள்ள தாமதத்தைக் கட்டக் கோணமாகத் தருகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் கடைசி நெடுவரிசையில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. விறைப்பை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கினால் இழப்பு விறைப்பு. அமெரிக்காவின் ஷார்ப் என்ற சாலை ஆராய்ச்சித் திட்டத்தில் பெர்க்லி குழு 1994இல் தந்த சமன்பாடு மொத்த விறைப்பை விட்டுவிட்டு இந்த இழப்பு விறைப்பையே எடுத்தது. அதற்கு அடுக்கு 2.72, திரிபுக்கு 3.624, தார் நிரம்பிய வெளியின் சதவீதமும் உள்ளே உண்டு.

விஜி-30 பீமின் கோணம் 25 டிகிரி, விஜி-40க்கு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு விறைப்பு 2113, 2472. மொத்த விறைப்பு 60 சதவீதம் ஏறியிருக்க, இது 17 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. ஆயுள் 65 சதவீதம் என்று வரும். உங்கள் பீம் 50 என்றதால், உண்மையில் கோணம் அவ்வளவு இறங்கவில்லை, அல்லது விஜி-40 பீம்களில் காற்றுவெளி கூட. ரிப்போர்ட்டைத் திறந்து அந்த நெடுவரிசையைப் பாருங்கள். தார் சோதனையில் வெட்டுக் குணகம் × சைன் 5000 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்கிறார்களே, அதற்கும் இதே தர்க்கம்தான். பாலிமர் தாருக்கு இதை அப்படியே நம்ப வேண்டாம்.

விறைப்பு மட்டும் எங்கே நேராகப் பொய் சொல்லும் என்றால், பழைய தாரைச் சுரண்டி மறுபடி கலக்கும்போது. கிழடான தார் எம்ஆரை அழகாக ஏற்றிக் காட்டும். ஆனால் நெகிழ்ந்து கொடுக்கும் குணம் போயிருக்கும். பிளாண்ட்டில் 180 டிகிரிக்கு மேல் கருகவிட்ட கலவையும் அப்படித்தான். "எம்ஆர் 4000 வந்திருக்கு, சூப்பர் கலவை" என்று யாராவது சொன்னால் முதலில் டிரம் வெப்பநிலைப் பதிவைக் கேளுங்கள்.

---

மார்ஷல் சுத்தி பதில்:

அந்த "சி"யை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. செலவே இல்லாம ஆயுளைக் கூட்டற இடம் அது தானுங்க.

சி = பத்தின் எம் அடுக்கு. எம் = 4.84 × (செயல்படும் தார் கன அளவு ÷ (அது + காற்றுவெளி) − 0.69).

தார் 11.5, காற்றுவெளி 3 னா சி = 3.16.
காற்றுவெளி 4.5 னா 1.38.
ரோலர் ஓட்டறவர் டீ குடிக்கப் போயி, கலவை ஆறி, 7ல நின்னுபோச்சு, தார் 11.2 னா சி = 0.44.

லேப்ல 4.5ன்னு டிசைன் போட்டு ரோட்டுல 7ல விட்டா ஆயுள் மூணுல ஒரு பங்கு. விஜி-30ஆ 40ஆன்னு மாசக்கணக்குல பேசற லாபம் 33 சதவீதம். ரோலர்ல போற நஷ்டம் 68 சதவீதம்! எது பெருசு?

விஜி-40 கெட்டியான தார். அமுக்கறதுக்கு நேரம் கம்மி. ஓசூர் பக்கம் காத்தடிக்கற காலையில 80 மி.மீ. டிபிஎம்மை ஒரே அடுக்கா போட்டீங்கன்னா சூடு நிக்கும், பரவால்லை. 40 மி.மீ. பிசி தான் ஆபத்து, பேவர் பின்னாடி ரோலர் ஒட்டியே போகணும். கோர் (ரோட்டுல துளைச்சு எடுக்கற உருளை மாதிரி) எடுத்தா எம்ஆர் மட்டும் பார்க்காம காற்றுவெளி பாருங்க. அதோட டிபிஎம்மும் பிசியும் ஒட்டியே வருதா, கையில எடுக்கறப்ப ரெண்டா பிரியுதான்னு பாருங்க. பிரிஞ்சா ஐஐடிபேவ் போட்ட 170 மைக்ரோவுக்கு அர்த்தமே இல்லை. அது அடுக்குங்க ஒட்டியிருக்குன்னு நம்பிப் போட்ட கணக்கு. டேக் கோட்டை (அடுக்குங்க ஒட்டறதுக்குத் தெளிக்கற தார்) புழுதி மேல தெளிச்சா இது தான் கதி.

நம்ம ஊர்க் கல்லு கிரானைட். சிலிக்கா ஜாஸ்தி, தண்ணி பட்டா தாரை விட்டுரும். கலவையில சுண்ணாம்பு 2 சதவீதம் போடுங்க, ஈரத்துக்கு அப்புறமும் இழுவலிமை 80 சதவீதமாவது நிக்குதான்னு பாத்துருங்க. தார் உரிஞ்ச அடுக்குல ஃபெட்டீக் கணக்கு போடறது வீண்.

---

அரூர்_அளவுகோல் பதில்:

மலையேறும் பகுதி உங்கள் வேலையில் இருந்தால் ஒன்று கவனியுங்கள். தொப்பூரிலிருந்து தர்மபுரி பக்கம் ஏறும் லாரி 80 கி.மீ. வேகத்தில் போவதில்லை, 10இல் ஊர்கிறது. சக்கரம் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் எட்டு மடங்கு. தாருக்கு நேரம் கூடினால் விறைப்பு குறையும், வெப்பநிலை ஏறின மாதிரியே. 0.1 விநாடித் துடிப்பில் எடுத்த 3000 அங்கே கிடைக்காது, அடியில் திரிபு 170ஐத் தாண்டும். சமதளத்தில் லாபம் குறைவாகத் தெரிந்த விஜி-40 ஏற்றத்தில் பொருத்தமாவது இதனால்தான். குழித்தடம் விழுவதற்கும் அது நல்லது. முழு நீளத்துக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பீம் செலவு தாங்காது என்றீர்கள். இடையில் ஒரு வழி உண்டு. 150 மி.மீ. விட்டம், 62 மி.மீ. தடிமன் மாதிரி, 25 டிகிரி, நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகம். பக்கவாட்டில் அமுக்கி விசை-நகர்வுக் கோட்டைப் பதியுங்கள். உச்சிக்குப் பிறகு கோடு சரியும் விதம் முக்கியம். செங்குத்தாக விழுந்தால் கலவை நொறுங்குகிறது. சாய்வாக இறங்கினால் விரிசலைத் தாங்குகிறது. உச்ச விசையில் 75 சதவீதத்துக்கு இறங்கிய இடத்தில் சரிவும், அதுவரையான நகர்வும், கோட்டுக்கடியில் உள்ள மொத்த ஆற்றலும் எடுத்தால் சிடி (விரிசல் தாங்கும் திறன்) குறியீடு வந்துவிடும். மார்ஷல் சட்டகத்தின் வேகம் ஏறக்குறைய அதேதான். டிஜிட்டல் பதிவு மட்டும் வேண்டும். இது ஆயுளைத் தராது, ஆனால் இரண்டு கலவையை அருகருகே நிறுத்தி எது நொறுங்கும் என்று அரை நாளில் சொல்லிவிடும். எம்ஆரும் சிடியும் சேர்ந்து ஏறினால் பீம் அனுப்பத் தேவையில்லை. எம்ஆர் ஏறி சிடி இறங்கினால் அனுப்புங்கள்.

---

பாலக்கோடு_க்யூசி:

ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். கட்டக் கோணம் விஜி-30க்கு 24, விஜி-40க்கு 21. காற்றுவெளி முறையே 4.6, 5.9! மார்ஷல் சுத்தி சொன்ன ஸ்லாப் ஓரக் கதைதான் போல. 10 மி.மீ. குறைப்பதை ஏற்கவில்லை என்று எழுதிவிட்டேன். விஜி-40 பீம் மட்டும் மறுபடி அனுப்பலாம் என்றிருக்கிறேன். எத்தனை வேண்டும்? சென்னைக்கு எப்படி அனுப்புவது?

---

மார்ஷல் சுத்தி பதில்:

மூணு திரிபு, ஒவ்வொண்ணுக்கும் மூணு பீம், ஒன்பது. ஒடிஞ்சு போறதுக்கு மூணு சேத்துப் பன்னிரண்டா வெட்டுங்க. காற்றுவெளி எல்லாத்துலயும் அளந்து, ஒண்ணுக்கொண்ணு அரை சதவீதத்துக்குள்ள இருக்கற ஒன்பதை மட்டும் மெஷினுக்கு விடச் சொல்லுங்க. திரிபு 400ல ஆரம்பிச்சு, கீழே ஒண்ணு மேலே ஒண்ணு. கீழே போறது மெஷின் நாள்கணக்குல ஓடற அளவுக்குப் போக வேண்டாம், பத்து லட்சம் சுற்றுக்கே 28 மணி நேரம் ஆகும். கலவையை அமுக்கறதுக்கு முன்னாடி 135 டிகிரில நாலு மணி நேரம் பரப்பி வெச்சுடுங்க, பிளாண்ட்டுல ஏர்ற முதுமை அதுல வந்துரும். விஜி-30 பீம் அப்படி வெச்சதில்லைன்னா ஒப்பிடறப்ப அதையும் சொல்லுங்க.

அனுப்பறதுல தான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. 380 மி.மீ. நீளம், 50 மி.மீ. உயரம். பெட்டியில ரெண்டு முனை மட்டும் தாங்கற மாதிரி வெச்சா வாணியம்பாடி தாண்டறதுக்குள்ள வெயில்ல நடுவு தொங்கிடும். அந்தத் தொய்வே மெஷின் தர்ற 0.2 மி.மீ.யை விடப் பெருசு. 12 மி.மீ. பிளைவுட் பலகையில முழு நீளமும் படியற மாதிரி 63 மி.மீ. முகத்தைக் கீழே வெச்சுப் படுக்க வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. ராத்திரி வண்டியில ஏத்துங்க. பெட்டி மேல "சாய்க்காதே"ன்னு எழுதினாலும் சாய்ப்பாங்க, அதனால கூட ஆள் போறது உத்தமம்.